மூன்று விசில் கேட்டால்

மே 6, திங்கள். ரயிலில்

இது பள்ளிக்கூடத்து உடற்கல்விப் பதிவேடு. போன வருஷம் ஓய்வு பெற்ற அன்று அலமாரியில் ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் வெயிலில் நின்றவளுக்கு ஒரு நோட்டு கொடுத்ததால் அரசாங்கம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

வருகை: 2. வானிலை: அடுப்பு. குறிப்பு: தமயந்தியும் அமலோற்பவமும் ஒருவழியாகக் கிளம்பிவிட்டார்கள்.

அமலு கணக்கு டீச்சர். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. சிறுமலை, கொல்லிமலை, பர்வதமலை எல்லாம் சேர்ந்தே ஏறியிருக்கிறோம். என் பீரோ கதவின் உட்பக்கம் இருபது வருஷமாக ஒரு காலண்டர் படம் ஒட்டியிருக்கிறது. பனி மூடிய ஒரு கணவாய், அதில் கொடிகள், பின்னால் சிகரங்கள். கீழே பொடி எழுத்தில் சௌரி கணவாய், இமாசலம் என்று போட்டிருக்கும். அதில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கால் வைப்பது என்று பேச்சு. அவள் முந்தக் கூடாது, நானும் முந்தக் கூடாது.

கூட்டிப்போகிறவர்கள் மருத்துவச் சான்று கேட்டிருந்தார்கள். டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனேன். என்னிடம் உயரம் தாண்டுதல் பழகிய பிள்ளை. நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள், எக்கோ எடுத்தாள், "டீச்சர், இதுல..." என்று இழுத்தாள். "கையெழுத்தப் போடுடி" என்றேன், கிரவுண்டில் போடும் குரலில். போட்டுவிட்டாள். அவள் சொன்னதை ஜூன் மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஜூனைப் பற்றி இந்தப் பதிவேட்டில் எழுதுவதாக இல்லை.

அமலு நேற்றிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறாள். வீட்டில் ஏதாவது சண்டையாக இருக்கும். கீழ்ப் படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொண்டாள்.

மே 9, வியாழன். மலையடிவாரக் கிராமம்

டில்லி வெயில், பேருந்து, வாந்தி, மறுபடி பேருந்து. வாந்திக்குப் பூரிதான் காரணம்.

வழிகாட்டி பெயர் டேக்சந்த். ஐம்பது வயது இருக்கும், பேச்சு கஞ்சம். சமையலுக்கும் சுமைக்கும் பீம்சிங் என்று ஒருவர். என்.சி.சி. முகாம்களில் கற்ற என் இந்தியை வைத்துச் சமாளிக்கிறேன். இந்த வருஷம் பனி இன்னும் உருகவில்லையாம். குளிர்காலப் புயலில் தேவதாரு மரங்கள் சாய்ந்து பாதை முழுக்கக் கிடக்கின்றனவாம். "போக முடியுமா?" என்று கேட்டேன். "போய்ப் பார்க்கலாம்" என்றார். இந்தப் பதிலை எங்கள் ஹெச்.எம். சொன்னால் முடியாது என்று அர்த்தம். மலைக்காரர் சொன்னால் என்ன அர்த்தமோ.

விசிலைப் பற்றி அவருக்கு விளக்கினேன். இது என் சர்வீஸ் விசில், பித்தளை. யார் முன்னால் நடக்கிறாரோ அவர் கழுத்தில் இருக்கும். ஒரு முறை ஊதினால், வா. இரண்டு முறை, அங்கேயே நில். மூன்று முறை, கேள்வி கேட்காமல் திரும்பிப் போ. நீளமாக இழுத்து ஊதினால், எனக்கு முடியவில்லை, ஓடி வா. கடைசியை நாங்கள் இதுவரை ஊதியதில்லை.

மூன்று விசிலின் கதையையும் சொன்னேன். சிறுமலைக்கு அறுபது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன வருஷம், முன்னால் போன அமலு மூடுபனிக்குள்ளிருந்து மூன்று முறை ஊதினாள். பிள்ளைகள் முனகினார்கள். நான் காரணமே கேட்கவில்லை, அறுபதையும் அப்படியே திருப்பினேன். அந்த வளைவில் குட்டிகளோடு காட்டுமாடுகள் நின்றனவாம். அன்றைக்கு நான் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் எத்தனை தாய்மாருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டுமோ. அன்றிலிருந்து அந்த விசில் சொன்னால் சொன்னதுதான்.

டேக்சந்த் தலையாட்டினார். அமலு ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மே 10, வெள்ளி

மரங்கள். எண்ணிக்கொண்டே வந்தேன், இருபத்தேழு. சிலவற்றின் அடியில் புகுந்து போகலாம். சிலவற்றின் மேல் ஏறிக் குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து மறுபக்கம் இறங்க வேண்டும். இரண்டு இடத்தில் வேரோடு பெயர்ந்து பாதையையே எடுத்துக்கொண்டு போயிருந்தன, சரிவில் சுற்றி வந்தோம். எங்கும் பிசின் வாசனை. உள்ளங்கை இன்னும் ஒட்டுகிறது.

அமலுவின் மூட்டு படுத்தியெடுக்கிறது. மரத்துக்கு மரம் உட்கார்ந்துவிடுகிறாள். "தமா, செத்த இருடி, முழங்கால் கெஞ்சுது." போன டிசம்பரில் கொல்லிமலைப் படிகளை என்னைவிட வேகமாக ஏறியவள். "மூட்டுல எண்ணெய் வத்திப்போச்சா, கணக்குப்புள்ள?" என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் உட்காரும்போது சும்மா நிற்பானேன் என்று நானும் உட்கார்ந்தேன். அது நல்லதாகவும் போயிற்று, எனக்கும் மூச்சு கொஞ்சம் வாங்கியது. காற்று மெலிந்த இடம், யாருக்கும் வாங்கும்.

என் தண்ணீர் பாட்டில்களை அவள் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால் கனம் முதுகில் இருந்தால் முழங்காலுக்கு நல்லது என்கிறாள். கணக்கு டீச்சருக்கு அறிவியல் தெரியாது.

மே 11, சனி

இன்று பனி. காலண்டரில் இருப்பதுபோல் வெள்ளையாக இல்லை. மே மாதத்துப் பனி அழுக்கு. மேலே ஊசி இலை, சுள்ளி, ஆட்டுப் புழுக்கை. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. தடியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும், டேக்சந்தின் கால் தடத்திலேயே வைக்க வேண்டும். ஒரு தடவை எனக்கு இடுப்பு வரை உள்ளே போய்விட்டது. பீம்சிங் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். யானைக்கும் அடி சறுக்கும்.

அமலுவுக்கு நான் பின்னிய குரங்குக் குல்லாயை இன்று போட்டுக்கொண்டாள். மிச்சமிருந்த நூலில் பின்னியது, பாதி கிளிப்பச்சை, பாதி ஆரஞ்சு. உலகத்தில் இதுபோல் இன்னொன்று இருக்காது, இருக்கவும் கூடாது.

மதியத்துக்குமேல் ஒரு தடவை கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பனியில் வெயில் பட்டால் கண் கூசும் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அமலுவிடம் சொல்லவில்லை. அவளே மூட்டு வலியில் இருக்கிறாள்.

மே 12, ஞாயிறு

மேல் முகாம். அமலு காலையில் ஒரு மரத்தடியில் ஜெபம் சொன்னாள். ரசப்பொடி கரைத்துக் குடித்தோம். நாளை கணவாய்.

மே 13, திங்கள்

போக முடியவில்லை.

ஒழுங்காக எழுதுகிறேன். காலை 4.50க்குக் கிளம்பினோம். மரங்கள் முடியும் இடத்தில் கடைசியாக ஒன்று, ஆள் உயரத் தண்டு, குறுக்கே விழுந்து கிடந்தது. அதைத் தாண்டினால் பனிச்சரிவு. சரிவு ஒரு பாறை முனையில் வளைகிறது. வளைவுக்குப் பிறகுதான் கணவாய். நான் அந்த மரத்தைத் தாண்டியதும் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. அமலு டேக்சந்திடம் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம், "நானும் அவரும் வளைவு வரைக்கும் போயி பனி தாங்குதான்னு பாத்துட்டு ஊதுறோம். நீ பீம்சிங்கோட இரு" என்றாள். மூட்டு வலிக்காரி எதற்கு, நான் போகிறேன் என்றேன். "நேத்து நீ போன, இன்னைக்கு என் முறை" என்றாள். அது நியாயம். விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் நானே போட்டேன்.

7.10க்கு விசில். மூன்று.

காரணம் கேட்கவில்லை. எழுந்தேன், திரும்பினேன். நான் சொன்ன விதி அது. மரத்தின்மேல் ஏறும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். சரிவு வெறுமனே கிடந்தது. அழுகை வந்தது, அழுதேன். பீம்சிங் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனிதர்.

அவர்கள் முகாமுக்கு வந்தபோது மணி 10.40. வளைவுக்கு அப்பால் பனி வெடித்துப் பிளந்து கிடக்கிறது, வேறு பக்கம் வழி இருக்கிறதா என்று தேடினோம், அதனால் நேரமாகிவிட்டது என்றாள். டேக்சந்த் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமலுவின் மூக்கும் கன்னமும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அவள் கண் கலங்கியது. "விடுடி, மலை எங்க போகப்போகுது" என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.

மலை எங்கும் போகாது. நான் மறுபடி வருவேனா என்பதுதான் தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மே 14, செவ்வாய்

வருகை: 1.

காலையில் பூனாவிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் மேலிருந்து இறங்கி எங்கள் முகாமுக்கு வந்தார்கள். பீம்சிங் டீ கொடுத்தார். அமலு ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டேன். கணவாய் வழியாகத்தான், நேற்றுக் காலை தாண்டினோம், இரவு இந்தப் பக்கம் மேலேயே கூடாரம் போட்டோம் என்றார்கள். பனி பிளந்திருக்கிறதே என்றேன். எங்கே என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள்.

ஒரு பெண் போனை எடுத்துப் படம் காட்டினாள். கணவாய். கொடிகள். வரிசையாக நின்று சிரிக்கும் பிள்ளைகள். வானம் துடைத்து வைத்ததுபோல் நீலம். பின்னால் சிகரங்கள், எண்ணினேன், ஏழு. காலண்டரில் ஐந்துதான் இருக்கும். ஓரத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு குல்லா.

"அந்த ஆன்ட்டி ரொம்ப அழுதாங்க" என்றாள் அந்தப் பெண்.

டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவக் கொண்டுபோவதுபோல் ஓடைக்குப் போனேன்.

"மேல எத்தனை நிமிஷம் நின்ன?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த குக்கர் மூடி தண்ணீரோடு போயிற்று. அதைப் பிடிக்கக்கூட இல்லை.

"தமா..."

"உன் குல்லாயப் பாத்துட்டேன், அந்தப் புள்ளைக போன்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இருபது நிமிஷம் இருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், அந்தச் சோற்றை நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேறு தடவிவிட்டிருக்கிறேன்.

பிறகு எல்லாம் வந்தது. ரயிலேறுவதற்கு முதல் நாள் மெஹருன்னிசா அவளுக்குப் போன் செய்திருக்கிறாள். "அழுதுச்சுடி அந்தப் புள்ள. டீச்சர் மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்க, வால்வு சுருங்கிக் கிடக்கு, ஜூன்ல ஆபரேஷன், உயரத்துக்குப் போனா எதுவும் நடக்கலாம், நீங்கதான் பாத்துக்கணும்னுச்சு."

"அப்ப உன் மூட்டு?"

"என் மூட்டுக்கு என்ன? ஒண்ணுமில்ல."

மரத்துக்கு மரம் உட்கார்ந்தது, பாட்டில்களைச் சுமந்தது, கீழ்ப் படுக்கை, எல்லாம். நான் கேலி செய்ததற்கெல்லாம் சிரித்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறாள். என்னை ஒரு நோயாளியாக எட்டு நாள் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

"ரயில்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எறங்கியிருப்பியா நீ? என்னைய விட்டுட்டுத் தனியாப் போயிருப்ப."

போயிருப்பேன். அது வேறு விஷயம்.

"சரி. என்னைத் திருப்பி அனுப்புன. உசுரக் காப்பாத்துன. அத விடு. நீ ஏன்டி போன?"

 கையிலிருந்த சாம்பலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வளைவுல நின்னு ஊதிட்டுத் திரும்பத்தான் நெனச்சேன். கண்ணுக்கு முன்னால இருந்துச்சு தமா. அரைமணி நேரம்தான்னாரு டேக்சந்த், போகலாமான்னு கேட்டாரு. கால் தானாப் போயிருச்சு. எனக்கும் அம்பத்தொம்பது வயசு. அந்தக் காலண்டரு என் வீட்டுக் காலண்டருடி. நான்தான் கிழிச்சு உனக்குக் குடுத்தேன். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தது. ஆனாலும் அதை அப்போது ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

"விசில இங்க குடு" என்றேன். கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பித்தளை அவள் உடம்புச் சூட்டில் இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன்.

மூன்று விசில் என்றால் முன்னால் ஆபத்து என்று அர்த்தம். இருபத்தோரு வருஷமாக அதற்கு அந்த அர்த்தம்தான். அவள் பொய்யை வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் எதைக் கேட்டால் கேள்வி கேட்காமல் திரும்புவேனோ அதைத் தேடிப் பிடித்து ஊதியிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று இதைத்தான் சொல்வார்கள்.

மே 15, புதன்

இறக்கம். நான் முன்னால் நடந்தேன், விசில் என் கழுத்தில். டேக்சந்த் எங்களுக்கு முன்னே போய்ப் பனியில் படி வெட்டிக்கொண்டிருந்தார். பீம்சிங் பாத்திரங்களோடு கடைசியில். அமலு என் பின்னால்.  மரத்துக்கு மரம் நான் தாண்டி, ஒரு விசில் கொடுத்தேன். அவள் வந்தாள். விசிலுக்கு மரியாதை உண்டு, அது ஆளுக்கு அல்ல.

பதினான்காவது மரம். வேரோடு சாய்ந்தது, தண்டின் உயரத்தில் அந்தப் பக்கம் நிற்பவர் இந்தப் பக்கம் தெரியாது. ஏறி இறங்கினேன். இறங்கியதும் நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்ததுபோல் இருந்தது. இடது கை மரத்துப் போயிற்று. பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டேக்சந்த் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

நீளமாக ஒன்று ஊத வேண்டும். விதி அதுதான், எழுதியவள் நான். விசிலை வாயில் வைத்தேன். அவள் ஓடி வந்து இந்த நிலையில் என்னைப் பார்ப்பாள், தான் செய்ததெல்லாம் சரிதான் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அதை நினைக்க எனக்கு அந்த வலியிலும் நேரம் இருந்தது.

இரண்டு முறை ஊதினேன். அங்கேயே நில்.

 பிறகு தண்டின் மேல் அந்தக் குல்லா தெரிந்தது. அவள் ஏறியபடியே சறுக்கி விழுந்து, முழங்கையில் பட்டை உரிந்து, என் பக்கத்தில் வந்து விழுந்தாள். பையில் மெஹர் கொடுத்தனுப்பிய மாத்திரை இருந்திருக்கிறது, முதல் நாளிலிருந்து. நாக்குக்கு அடியில் வைத்தாள். என் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, வாயால் "டேக்சந்த்ஜீ" என்று காடு அதிரக் கத்தினாள்.

மூச்சு வந்ததும் கேட்டேன், "ரெண்டுதான ஊதுனேன். ஏன் வந்த?"

"நீயும் பொய்யா ஊதுவன்னு தெரியும்டி" என்றாள்.

மே 16, வியாழன்

பீம்சிங்கும் டேக்சந்தும் என்னை முறை வைத்து முதுகில் சுமந்தார்கள். எண்பது கிலோவை. எழுத முடியவில்லை.

மே 18, சனி. ஆஸ்பத்திரி

ஆபத்து இல்லையாம், ஆனால் ஊருக்குப் போனதும் தள்ளிப்போடக் கூடாதாம். ஜூன் வரைக்கும்கூட வேண்டாம் என்கிறார் டாக்டர். மெஹர் போனில் அழுதாள். "நீ ஏன்டி அழற, உன் கையெழுத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அதற்கும் அழுதாள்.

அமலு மூன்று நாளாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாள். இட்லிக்கு எங்கே போவாள் இந்த ஊரில், ரவையில் உப்புமா கிண்டிக் கொண்டுவந்தாள். உப்பு கூடுதல். சாப்பிட்டேன்.

மே 21, செவ்வாய். ரயிலில்

வருகை: 2.

மன்னித்துவிட்டேனா என்று இந்தப் பதிவேடு கேட்டால், இல்லை. என்னைத் திருப்பியதை மன்னித்துவிட்டேன், அது எப்போதோ முடிந்துபோயிற்று. அந்த இருபது நிமிஷத்தை மட்டும் முடியவில்லை. கைகோத்து ஒரே நேரத்தில் என்று சொல்லியிருந்தோம். அவள் ஒரு காலை வைத்துவிட்டாள், இனி அந்த இடத்தில் என் கால் படாது. காப்பாற்றினாள் என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடுமா? அவளும் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தெரிந்தவள்.

போபால் தாண்டியது. கீழ்ப் படுக்கையில் நான், எதிரில் அவள். முழங்கையில் கட்டு. ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாக என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகக் கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மேல என்னடி தெரிஞ்சுச்சு?"

அவள் கை நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியல தமா. ஒரே மூட்டம். கைய நீட்டுனா கை தெரியல. நீ வந்திருந்தாலும் ஒண்ணும் பாத்திருக்க மாட்ட."

அந்தப் பெண் காட்டிய படத்தில் வானம் நீலமாக இருந்தது. ஏழு சிகரங்களும் தெரிந்தன.

"அப்படியா" என்றேன். சுளையை வாங்கிக்கொண்டேன்.